சொந்தக்காரருக்குப் பில் இல்லை

ஜனவரி 6

அன்புள்ள நட்டுவுக்கு,

முன்பு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று என்னைக் கேட்டாள்: "டீச்சர், விடை சரியா வந்துடுச்சில்ல, அப்புறம் வழி எதுக்கு எழுதணும்?" நான் சொன்னேன்: "நீயே போட்டியா, பக்கத்துப் பேப்பரைப் பாத்துப் போட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" வகுப்பே சிரித்தது. நேற்று கார் கம்பெனியின் சர்வீஸ் மேலாளர் ஏறக்குறைய இதையே என்னிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அத்தான் முந்தாநாள், பக்கவாதத்தில் விழுந்த அந்த இடது கையால் டம்ளரைப் பிடித்து, ஒரு வாய் குடித்து, சிந்தாமல் கீழே வைத்தார். பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் அழைத்துப் போவது வீண்போகவில்லை. உன் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி இரண்டாவது கியரில் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. போன வாரம் கியர் விழவே இல்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை என்ற தைரியத்தில் ஷோரூமில் கொண்டுபோய் விட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, முதல் சர்வீஸுக்கு அப்புறம் நீங்கள் எங்கள் பக்கமே வரவில்லையே, வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும் என்றார். நான் வாரண்டிப் புத்தகத்தை எடுத்து நீட்டி, அப்படி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் புரட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் புரட்டினார். அப்படி எங்கும் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: குறித்த காலத்தில் சர்வீஸ் நடந்திருக்க வேண்டும், கம்பெனி சொன்ன தரத்தில் எண்ணெயும் பாகங்களும் போட்டிருக்க வேண்டும், கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும்.

"அப்ப பில்லைக் கொண்டாங்க மேடம்" என்றார்.

பில் ஏது? நாங்கள் மூன்று முறை உன் வீட்டுக்கு வந்தபோதும் நீ வண்டியை உன் கடைக்கு எடுத்துப்போய், சாயங்காலம் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்தாய். நான் உன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். நீ காசும் வாங்கவில்லை, நானும் காகிதம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த மூன்று சர்வீஸுக்கும் பில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 19

அன்புள்ள டீச்சரக்காவுக்கு,

நட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். அத்தான் டம்ளர் பிடித்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் பெண் கை தட்டினாள்.

வண்டி விஷயம். நீ எழுதியதை வைத்தே சொல்கிறேன், இரண்டாவது கியருக்குள் ஒரு பித்தளை வளையம் இருக்கும், அது தேய்ந்திருக்கும். அந்த மாடலில் பல வண்டிக்கு இது வருகிறது. கம்பெனியின் தப்பு, சர்வீஸின் தப்பில்லை. அதை அந்த ஆளிடம் சொல்.

பில்லைப் பற்றி என்ன எழுதுவது? என் கையால் சாப்பிட்டுவிட்டு ரசீது கேட்கிற மாதிரி இருக்கிறது. சொந்த அக்காவுக்குப் பில் போடுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. நீ சத்தம் போட்டால் அவர்களே வழிக்கு வருவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கியவள் நீ, ஒரு ஷோரூம் எம்மாத்திரம்?

இன்னொன்று. கடை முகவரிக்கு எதுவும் எழுதாதே. அந்தத் தெருவில் தபால் ஒழுங்காக வருவதில்லை. வீட்டுக்கே எழுது.

உன்
நட்டு

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம், என் பொறுமைதான் படுத்துவிட்டது. உன் முழங்காலை மருத்துவரிடம் காட்டு.

சத்தம் போட்டுப் பார்த்தேன். கேள். கண்ணாடிக் கதவுக்குள் போனால் ஒரு பெண் டோக்கன் கொடுக்கிறாள். சோபாவில் உட்கார வேண்டும். எதிரே இருக்கிற பெரிய திரையில் ஒரு குடும்பம் இதே காரில் மலைமேல் போய்க்கொண்டே இருக்கிறது. அவர்களுக்கு எல்லாக் கியரும் விழுகிறது. மேலாளர் வந்து, "உங்க பக்கம் நியாயம் இருக்கு மேடம்" என்பார். அப்புறம் "ஆனா" என்பார். பித்தளை வளையத்தைப் பற்றிச் சொன்னேன். "இருக்கலாம் மேடம். சரியான கியர் ஆயில்தான் இருந்துச்சுன்னு நீங்க காட்டிட்டா, வளையம் எங்க பொறுப்பு" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர்கள் கேட்பது உன் கணக்கு வழக்கு இல்லை. தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், போட்ட எண்ணெயின் தரம், பாகத்தின் எண். ஒரு பிள்ளை லீவு போட்டால் பெற்றோரிடமிருந்து இரண்டு வரி கேட்பேனே, அதுபோல. காய்ச்சல் உண்மைதான் என்று எனக்குத் தெரிந்தாலும் கேட்பேன்.

வாடகைக் காரில் அத்தானை அழைத்துப் போகிறேன். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பாதிப் பேர் நிற்காமலே போய்விடுகிறார்கள். போன வாரம் மூன்று நாளில் ஒரு நாள்தான் போக முடிந்தது.

பில் அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று பில் இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. இதோடு முடித்துக்கொள்.

நட்டு

பிப்ரவரி 17

தம்பிக்கு,

எல்லோரும் நலமா? நான் நலமாக இல்லை. உன் பில்களைப் படித்தேன்.

முதல் பில்லின் எண் 1. எட்டு மாதம் கழித்துப் போட்டது எண் 2. அதற்கும் எட்டு மாதம் கழித்து எண் 3. இடையில் உன் கடைக்கு வேறு வண்டியே வரவில்லையா? மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு, மூன்றாவதில் கை வலித்து எழுத்து பெருத்திருக்கிறது. நாங்கள் உன் வீட்டுக்கு வந்ததெல்லாம் உன் விடுமுறை நாளில். நீ போட்ட மூன்று தேதியும் வேலை நாள். காப்பி அடித்த தாள்களைப் பிடித்தே முடி நரைத்தவளிடம் இதை அனுப்பலாமா? பள்ளிக்கு வரும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய வீட்டுப்பாடம்கூட இதைவிட நன்றாக இருக்கும்.

இதை நான் கொடுக்கப் போவதில்லை. கிழித்துவிட்டேன்.

மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். என் தம்பிதான் செய்தான், சொந்தக்காரர் என்பதால் பில் போடவில்லை என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமாவும் அப்படித்தான் மேடம், டெய்லர். ஒரு சட்டைக்கும் பில் கிடையாது" என்றார். அப்புறம் "ஆனா" வந்தது. கடையின் லெட்டர்பேடில் ஒரு சான்று வேண்டுமாம். தேவைப்பட்டால் கம்பெனி ஆள் உன் கடைக்கு வந்து பார்ப்பாராம். தாராளமாக வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் கடையைப் பார்த்தால் அந்த ஷோரூம்காரர்கள் வெட்கப்படுவார்கள்.

எண்ணெயும் ஃபில்டரும் எங்கே வாங்கினாய்? அந்தக் கடையில் கேட்டால் பழைய ரசீது எடுத்துத் தருவார்களே. இதை நீ முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா?

அக்கா

மார்ச் 14

தம்பிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் உன் மனைவி எடுத்து, "வேலைக்குப் போயிருக்காரு அண்ணி" என்கிறாள். வந்ததும் பேசச் சொல் என்கிறேன். நீ பேசுவதில்லை. உனக்கு உடம்புக்கு ஏதுமில்லையே? இருந்தால் அதையாவது எழுது.

இங்கே உள்ளதைச் சொல்கிறேன். அத்தான் இனி பயிற்சிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன முறை, கார்க்காரர் அவசரப்பட்டு வண்டியை நகர்த்த, அவர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தெருவிலுமாக நின்றுவிட்டார். விழவில்லை. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "என்னை ஒரு மூட்டையாட்டம் ஏத்தாத. வீட்லயே இருக்கேன்" என்றார். டம்ளரை இப்போது மறுபடி வலது கையால்தான் எடுக்கிறார். நம் வண்டியில் போனபோது யாரும் அவரை அவசரப்படுத்தியதில்லை.

வாரண்டிக் கோரிக்கையை மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவார்களாம். இனி காத்திருக்க முடியாது. நீ வேண்டாம் என்று சொன்னாலும், உன் கடைக்கே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். கம்பெனி கேட்கும் சான்றின் மாதிரியையும், நீ வண்டியைப் பார்த்த மூன்று விடுமுறை நாட்களையும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். கடையில் யார் வாங்கினாலும் உன் கைக்கு வந்துவிடும் அல்லவா?

அக்கா

மார்ச் 22

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் ஐயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உறையின் மேல் "ஒர்க்‌ஷாப் உரிமையாளர்" என்று எழுதியிருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கி நானே பிரித்தேன். உரிமையாளர் நான்தான். இந்தக் கடையை உங்கள் தம்பியிடமிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினேன். அவர் இப்போது என்னிடம் வேலை பார்க்கிறார். உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். தெரியாது என்பது கடிதத்தைப் படித்ததும் புரிந்தது.

விடுமுறை நாளில் என்னைக் கேட்காமல் கடையைத் திறந்து, லிஃப்டில் உங்கள் வண்டியை ஏற்றியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க அக்கா வண்டி" என்றார். வண்டி லிஃப்டிலிருந்து சரிந்து அவர்மேல் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது? சாவியை நம்பித்தான் கொடுத்தேன். இப்போதைக்கு வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வேலையில் ஒரு குறை சொல்ல மாட்டேன். அவர் பூட்டிய வண்டியை நான் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் நான் பார்க்காத வேலைக்கு என் லெட்டர்பேடில் சான்று தர முடியாது. நீங்கள் ஆசிரியராக இருந்தவர், புரிந்துகொள்வீர்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் உரிமையாளர்

மார்ச் 26

என் அன்புத் தம்பிக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

உன் முதலாளியின் கடிதம் வந்தது. கம்பெனிக்கு எழுதுவது போலவே கடைக்கும் எழுதி, உன்னை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். கடைக்கு எழுதாதே என்று நீ சொன்னாய். தபால்காரர்மேல் பழி போட்டாய், நானும் நம்பினேன், நம்பியும் எழுதினேன்.

அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வண்டியைக் கொண்டுவந்தது நான், பில் வாங்காதது நான், தண்டனை என் தம்பிக்கு ஏன் என்று கேட்டிருக்கிறேன். சான்று வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். கியர்பெட்டியை எப்படியோ பார்த்துக்கொள்கிறோம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கடையை விற்றபோது என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. சாப்பிடுகிறேன். வீட்டில் சும்மா இருப்பதால் இரண்டு பங்கு சாப்பிடுகிறேன் என்று என் பெண் கேலி செய்கிறாள்.

சொல்லத்தான் நினைத்தேன். புது வண்டிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதை வாங்கி வைக்க என்னால் முடியவில்லை. கடை கை மாறியது. அடுத்த மாதம் நீ ஓய்வு பெற்ற விழாவுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மைக்கைப் பிடித்து, "என் தம்பி நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவன்" என்றாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக இருந்தேன். அன்றைக்குச் சொல்லாதது, அப்புறம் சொல்ல வரவே இல்லை.

இதோடு மூன்று ரசீது வைத்திருக்கிறேன். இவை நான் எழுதியவை அல்ல. பார்ட்ஸ் கடையில் அச்சடித்துக் கொடுத்தவை. உன் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால்தான் சரியான ஃபில்டர் எடுத்துத் தருவார்கள், அதனால் மூன்றிலும் அந்த நம்பர் இருக்கிறது. கியர் ஆயிலின் தரம் இருக்கிறது. தேதி, நீ வந்த நாளுக்கு முந்தின நாள். காசு நான்தான் கொடுத்தேன். ஆனால் மேலே புது முதலாளியின் ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இவை என்னிடம்தான் இருந்தன. அந்தப் பெயரைப் பார்த்தால் நீ கேட்பாய் என்றுதான் அனுப்பவில்லை. அதற்காக அத்தானை இத்தனை நாள் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டேன். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

நானே ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். இன்ன நாளில், இன்ன கடையில், முதலாளிக்குத் தெரியாமல், இன்னின்ன வேலை செய்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிலோமீட்டரை மறந்துவிட்டேன், அதை எழுதவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று படித்தார். "நான் பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அம்மாவுக்கே எழுதிட்டேன்" என்றார். "பாத்ததுக்குப் போடுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கீழே இரண்டு வரி எழுதினார். படித்துப் பார்.

நட்டு

ஏப்ரல் 25

அன்புள்ள நட்டுவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இந்த முறை உண்மையாகவே.

உன் முதலாளியின் இரண்டு வரியை நானும் படித்தேன், மேலாளரும் படித்தார். "இதில் கையெழுத்திட்டவர் என்னிடம் வேலை பார்ப்பவர். அந்த நாட்களில் கடைச் சாவி அவரிடம் இருந்தது." மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு சான்று நான் பாத்ததே இல்ல மேடம்" என்றார். நான் "ஆனா" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கெடு முடிந்துவிட்டதே என்று நானே கேட்டேன். அதை மேலிடத்தில் பேசி நீட்டித்துக்கொள்வதாகச் சொன்னார். கிலோமீட்டர் இல்லாததற்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் வருடா வருடம் குறித்துக்கொண்டு போனது உதவியது.

கியர்பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் சரியாக இருந்தது, நீ சொன்ன வளையம்தான் தேய்ந்திருந்தது. கியர்பெட்டியைக் கம்பெனி செலவில் மாற்றியிருக்கிறார்கள். கிளட்சைத் தர முடியாதாம். அது தேய்கிற பொருளாம், நான் ஓட்டுவதால் தேய்ந்ததாம். ஓட்டாமல் காரை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். டோக்கன் கொடுக்கிற பெண் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அத்தான் பயிற்சிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். அவர் டம்ளரைத் தவறவிடும்போதெல்லாம் கொஞ்சம் வருகிறது. என்மேலும் வருகிறது.

உன் வேலை என்ன ஆயிற்று? எழுது.

அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் கையை விசாரித்ததாகச் சொல்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். கடைச் சாவியை இப்போது என்னிடம் கொடுப்பதில்லை. காலையில் அவர் வந்து திறக்கும்வரை, நான் கட்டிய கடைக்கு வெளியே நானே நிற்கிறேன். போகிற வருகிற பழைய ஆட்கள், "என்ன, இன்னும் திறக்கலையா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள், "முதலாளி வந்து திறப்பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கொஞ்சம் லேசாக இருந்தது.

உன் வண்டிக்கு அடுத்த சர்வீஸ் நெருங்குகிறது. ஷோரூமிலேயே விட்டுவிடு அக்கா. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

நட்டு

மே 11

அன்புள்ள நட்டுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இரு, முழங்காலையும் சேர்த்து.

ஷோரூமில் விட மாட்டேன். என் வண்டியை யார் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய வாரண்டிப் புத்தகமே என்னை அனுமதிக்கிறது, நீ யார் தடுக்க? அடுத்த மாதம் வருகிறேன், விடுமுறை நாளில் இல்லை, வேலை நாளில். உன் முதலாளி கடையைத் திறந்த பிறகு வருவேன். வரிசையில் நிற்பேன். அக்கா என்று முன்னால் கூப்பிட்டுவிடாதே, என் முறை வரட்டும். காசு கொடுப்பேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கொடுப்பேன். பில்லில் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் தரம், பாகத்தின் எண், எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்து முதலாளியுடையது. வேலை பார்த்தவர் என்கிற இடத்தில் உன் பெயர், நட்டு என்று இல்லை, முழுப்பெயர்.

அதன்பின் அத்தானோடு உன் வீட்டுக்கு வருவோம். அவர் யார் கையையும் பிடிக்காமல் காரிலிருந்து இறங்கிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நம்பவில்லை என்றாலும் வாசலில் நின்று பார்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: நான் வருவதற்குள் ஒன்று செய்து பார். அடுத்து எந்தச் சொந்தக்காரர் வண்டியைக் கொண்டுவந்தாலும், வேலை முடிந்து வண்டிச் சாவியைத் திருப்பி நீட்டும் முன் பில்லை நீட்டு.